முட்டி வலி ஆய்வில் சேரலாமா? கையெழுத்துப் போடும் முன் ஒரு வாசகிக்குப் பதில்

தென் மாவட்டச் சிறுநகரம் ஒன்றிலிருந்து 57 வயது வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறார். பல வருடமாகக் கால்மிதி மெஷின்தான். 6, 7 வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி, வலது பக்கம் அதிகம். எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டர், "ஜவ்வு தேய்ந்திருக்கிறது, மூன்றாம் நிலை. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். எடையைக் குறையுங்கள், பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். உயரம் 5 அடி, எடை 76 கிலோ. 9 வருடமாகச் சர்க்கரை நோய். வலி தாங்காத நாளில் மெடிக்கலில் வாங்கிப் போட ஆரம்பித்த டைக்ளோஃபெனாக் மாத்திரை இப்போது அநேகமாகத் தினமும் ஆகிவிட்டது. கூடவே சித்த வைத்தியர் ஒருவர் தரும் சூரணமும் உண்டு.

இந்த நிலையில் மதுரையில் ஒரு மருத்துவமனையில் அவரை ஒரு மருத்துவ ஆய்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முட்டிக்குள் போடும் புது ஊசி. 3 மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை எல்லாம் இலவசம், பஸ் செலவும் தருவார்கள். கொடுத்த படிவத்தில் நாமினி பெயரும் ஆண்டு வருமானமும் கேட்டிருப்பதைப் பார்த்த மகன், "உன்னைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்று கத்துகிறாராம். கணவரோ, "எம்.ஆர்.ஐ.யே சும்மா எடுக்கிறார்கள், விடாதே" என்கிறார். இதற்கிடையில் பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில், வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து முட்டியில் போடும் 'ஆய்வு' நடப்பதாகவும், சலுகை விலை ஒன்றரை லட்சம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். "அங்கே உப்புத் தண்ணீர் கிடையாது, எல்லோருக்கும் மருந்துதான்" என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாகத் தெரிகிறது.

அவர் கேட்பவை: எதில் சேரலாம்? உப்புத் தண்ணீர் போட்டு ஏமாற்றுவது சட்டப்படி சரியா? ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்ப்பார்கள்? வலி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள், சொல்லாமல் போட்டுக்கொள்ளலாமா? வேண்டாம் என்றால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா? கடைசியாக, தங்கைக்கும் முட்டி வலி, அவரையும் சேர்த்துவிடலாமா?

அம்மா,

உங்கள் கடிதத்தில் பல இடத்தில் "இந்த ட்ரீட்மெண்ட்டில் சேரலாமா" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைச் சரிசெய்துகொள்வோம். மதுரையில் உங்களைக் கூப்பிடுவது ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்காக. இந்த ஊசி வேலை செய்கிறதா, செய்தால் எவ்வளவு, கெடுதல் என்ன என்பதே அந்தக் கேள்வி. விடை முன்பே தெரிந்திருந்தால் ஆய்வு எதற்கு? சிகிச்சை என்றால் டாக்டர் உங்களைப் பார்த்துப் பார்த்து மருந்தைக் கூட்டுவார், குறைப்பார், மாற்றுவார். ஆய்வில் அதற்கு இடம் குறைவு. உங்கள் தொழிலை வைத்தே சொன்னால், சிகிச்சை ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கிற ஜாக்கெட், ஆய்வு பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர். எந்தத் தேதியில் ஊசி, எவ்வளவு மருந்து, இடையில் எந்த மாத்திரை கூடாது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். உங்களுக்கு எந்த ஊசி என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப்போட்டு முடிவு செய்யும். இந்த மாதிரி ஆய்வுகளில் பெரும்பாலும் உங்களைக் கவனிக்கும் டாக்டருக்கும் அது தெரியாது.

இதைத் தெரிந்துகொண்டு ஒருவர் சேர்ந்தால் அதில் தவறு ஒன்றும் இல்லை. இன்று நாம் நம்பிப் போடும் மருந்துகளில் பெரும்பாலானவை யாரோ சிலர் அப்படிச் சேர்ந்ததால் வந்தவைதான். ஆனால் "பெரிய ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிறார்கள், எனக்கு நல்லது என்று தெரிந்துதானே கூப்பிடுவார்கள்" என்ற நினைப்போடு போகாதீர்கள். நல்லதா என்பது அவர்களுக்கும் தெரியாது. அதனால்தான் ஆய்வு நடக்கிறது.

உப்புத் தண்ணீர் ஏமாற்று வேலையா?

ஏமாற்றுவது என்றால் சொல்லாமல் செய்வது. உங்களுக்குப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எந்த ஊசி என்பதைத்தான் மறைக்கிறார்கள், இரண்டில் ஒன்று என்பதை மறைக்கவில்லை. ஆகவே சட்டப்படியும் சரி, மருத்துவ நெறிப்படியும் சரி. ஆனால் உங்கள் மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது. "வெறும் தண்ணீருக்காகவா ஒரு வருடம் மதுரைக்கு அலைவது?" நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முட்டி வலி ஆராய்ச்சியின் சரித்திரமே இந்த உப்புத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது.

மூட்டுத் தேய்மான வலி ஒரே மட்டத்தில் நிற்காது. சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். வலி குறைவான வாரத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. உச்சத்தில் இருக்கும்போதுதான் வருவோம், அப்போதுதான் ஆய்விலும் சேருவோம். அடுத்த மாதம் அது தானாகவே கொஞ்சம் இறங்கும். நடுவில் என்ன சாப்பிட்டிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். அதோடு ஊசி போட்டிருக்கிறது என்ற நம்பிக்கை, வாரம்தோறும் ஒருவர் போன் செய்து "எப்படி இருக்கிறீர்கள்" என்று விசாரிப்பது எல்லாம் சேர்ந்து வலியைக் குறைக்கும். இது பாசாங்கு கிடையாது, உண்மையிலேயே வலி குறைகிறது.

எவ்வளவு குறையும் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். அமெரிக்காவில், முட்டித் தேய்மானத்துக்குத் தரும் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் மாத்திரைகளைச் சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. 1,583 பேர் சேர்ந்தார்கள். மருந்தே இல்லாத டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களில் 60 சதவீதம் பேருக்கு வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. நிஜமான வலி மருந்தான செலகாக்சிப் சாப்பிட்டவர்களில் அது 70 சதவீதம். குளுக்கோசமைன் வகையறா இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றது. மொத்தத்தில் டம்மியைவிட மேல் என்று சொல்ல முடியவில்லை. நம் ஊரில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு இன்னமும் அதை எழுதித் தருகிறார்கள், அது வேறு கதை.

ஆபரேஷனிலும் இதே கதைதான். முட்டிக்குள் சின்னக் குழாய் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்கிற அறுவை ஒருகாலத்தில் அமெரிக்காவில் வருடத்துக்கு லட்சக்கணக்கில் நடந்தது. ஹூஸ்டனில் உள்ள முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் 180 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். சிலருக்கு நிஜ அறுவை, சிலருக்குத் தோலில் மட்டும் சின்னதாக வெட்டித் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். 2002இல் முடிவு வந்தது: 2 வருடம் பார்த்தும் இரு தரப்பாருக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்கும் இதுதான் நேர்ந்தது. 2021இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 288 பேர். 10க்கு மார்க் போடும் வலி அளவில், ஒரு வருடம் கழித்து பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு 2.1 குறைந்தது, உப்புத் தண்ணீர் போட்டவர்களுக்கு 1.8 குறைந்தது. இந்த 0.3 வித்தியாசத்துக்குத்தான் ஊருக்கு ஊர் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள்.

இப்போது சொல்லுங்கள், உப்புத் தண்ணீர் பிரிவு இல்லாமல் ஒரு ஊசியை எப்படி நம்புவது? "எல்லோருக்கும் மருந்துதான்" என்று சொல்லும் இடத்தில் பத்தில் ஆறு பேர் "எனக்குச் சரியாகிவிட்டது" என்று சொன்னாலும் அதிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். உப்புத் தண்ணீர் பிரிவில் விழுந்தால் உங்களை அம்போ என்று விட்டுவிடக் கூடாது. பயிற்சி, வலி பொறுக்காதபோது போட அனுமதிக்கப்பட்ட மாத்திரை (பெரும்பாலும் பாராசிட்டமால்) இவை இரு பிரிவினருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். உங்கள் படிவத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எம்.ஆர்.ஐ. படத்தை நம்பிச் சேராதீர்கள்

இது உங்கள் கணவருக்கு. ஜவ்வு வளர்ந்ததா என்று படத்தில் பார்த்துவிடலாம், அதைவிட என்ன வேண்டும் என்று அவர் நினைக்கிறார். படமும் வலியும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை. எக்ஸ்ரேயை வைத்து 0 முதல் 4 வரை நிலை பிரிக்கும் முறை 1957இலிருந்து இருக்கிறது. நான்காம் நிலையில் வயலுக்குப் போய் வருபவர்களும் உண்டு, இரண்டாம் நிலையில் மாடி ஏற முடியாதவர்களும் உண்டு. ஸ்ப்ரிஃபெர்மின் என்ற ஊசி மருந்தை 549 பேரிடம் சோதித்த ஆய்வு 2019இல் வந்தது. அதிகமான அளவில் போட்டவர்களுக்கு 2 வருடத்தில் குருத்தெலும்பு (ஜவ்வு என்று நாம் சொல்வது) மயிரிழை அளவு தடித்ததை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தார்கள். ஆனால் வலி? டம்மி ஊசி போட்டவர்களுக்கு எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுதான் இவர்களுக்கும் குறைந்தது.

நேர்மாறாகவும் நடக்கும். 3 மாதத்துக்கு ஒருமுறை என 2 வருடம் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2017இல் வந்தது, 140 பேர். உப்புத் தண்ணீரைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. வலி உச்சத்தில் இருக்கும்போது ஒரு ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும், அதை மறுக்கவில்லை. வழக்கமாகப் போட்டுக்கொண்டே இருப்பதுதான் வேண்டாத வேலை. உங்களுக்கோ சர்க்கரையும் இருக்கிறது, ஒவ்வொரு ஸ்டீராய்டு ஊசிக்கும் சில நாள் அது எகிறும். மதுரையில் போடப்போகும் புது மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

நாமினி பெயரும் மகனின் கோபமும்

மகன் பயப்படுவதில் காரணம் இல்லாமல் இல்லை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் இந்தூர் போன்ற இடங்களில், நோயாளிகளுக்குச் சரியாக விளக்காமலேயே ஆய்வில் சேர்த்தார்கள் என்ற புகார்கள் வெளிவந்தன. உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிற்று. அதன் பிறகு 2013இல் நஷ்டஈட்டு விதிகள் வந்தன. இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள்.

அவரைப் பயமுறுத்திய நாமினி கட்டமும் வருமானக் கட்டமும் அந்த விதிகளால் வந்தவைதான். ஆய்வால் ஒருவர் இறந்துபோனால் நஷ்டஈடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காக நாமினி கேட்கிறார்கள். பேங்கில் கணக்குத் தொடங்கும்போதும் நாமினி கேட்கிறார்கள், அதனால் நாம் சாகப்போகிறோம் என்று நினைப்பதில்லையே! உண்மையில் அந்தக் கட்டம் இல்லாத படிவத்தைப் பார்த்தால்தான் நான் கவலைப்படுவேன்.

விதிகள் உங்களுக்குத் தருவது இவ்வளவு. ஆய்வு நடக்கும்போது உங்களுக்கு உடல்பாதிப்பு எதுவும் ஏற்பட்டால், தேவைப்படும் வரை, அல்லது அது ஆய்வால் வந்ததில்லை என்று நிரூபணமாகும் வரை, இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும். ஆய்வால் வந்ததுதான் என்று முடிவானால் ஆய்வை நடத்தும் நிறுவனம் அதற்கு மேல் பண நஷ்டஈடும் தர வேண்டும். மருந்தின் கெடுதல் மட்டும் இல்லை, ஊசி போடும்போது கிருமி புகுந்து முட்டி சீழ்ப்பிடித்தால்கூட அது ஆய்வுச் செய்முறையால் வந்த பாதிப்புதான். பெரிய பாதிப்பு என்றால் ஆய்வு டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவித்தாக வேண்டும்.

இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கும். குறைந்தது 7 பேர், அதில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்கள். ஒரு சட்டம் படித்தவர், மருத்துவமே தெரியாத ஒரு சாதாரண ஆள், ஒரு பெண் உறுப்பினர் கட்டாயம். குழுவின் தொடர்பு எண் படிவத்தில் இருக்க வேண்டும். டாக்டரிடம் கேட்கத் தயக்கமாக இருப்பதை அங்கே கேட்கலாம். நடுவில் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம். விலகினால் அதுவரை ஆன செலவை அவர்கள் உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது, உங்களுக்கு வழக்கமாகத் தரும் வைத்தியத்தையும் நிறுத்தக் கூடாது. ஒன்று மட்டும், விலகிய பிறகும் ஒருமுறை வந்து பரிசோதித்துக்கொள்ளச் சொன்னால் போய்வாருங்கள். அது உங்கள் பாதுகாப்புக்குத்தான்.

கையெழுத்துப் போட்ட படிவத்தின் பிரதியை உங்களிடம் தர வேண்டும். தமிழில் தர வேண்டும். "இங்கேயே போட்டுவிட்டுப் போங்கள்" என்று அவசரப்படுத்தினால் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துவந்து மகனையே படிக்கச் சொல்லுங்கள், அவருக்கும் கோபம் பாதி இறங்கும்.

வலி மாத்திரையை மறைக்கலாமா?

கூடாது. இந்த ஒரு விஷயத்தில் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன்.

ஆய்வு கெட்டுப்போகும் என்பதை ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் முட்டியே கெட்டுப்போகலாம். டனேசுமாப் என்று ஒரு ஊசி மருந்து இருந்தது. நரம்பில் வலியைத் தூண்டும் ஒரு புரதத்தைத் தடுப்பது அதன் வேலை. மூட்டு வலியை நன்றாகவே குறைத்தது, எல்லோரும் பெரிதாக எதிர்பார்த்தார்கள். ஆனால் சேர்ந்தவர்களில் சிலருக்கு மூட்டு வேகவேகமாக அழிந்து, மாற்று மூட்டு வைக்கும் அளவுக்குப் போனது. 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆய்வுகளை நிறுத்தி வைத்தது. ஆராய்ந்து பார்த்ததில், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. பிறகு அந்த மாத்திரைகளைக் கட்டுப்படுத்தி மறுபடி ஆய்வு நடத்தினார்கள். அப்போதும் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. 2021 மார்ச்சில் ஆலோசனைக் குழுவில் 19 பேர் எதிராகவும் ஒருவர் ஆதரவாகவும் வாக்களித்தார்கள், அதே வருடம் அக்டோபரில் நிறுவனமே மருந்தைக் கைவிட்டுவிட்டது.

உங்களுக்குப் போடப்போகும் மருந்து அதுவல்ல. ஆனாலும் ஒரு புது மருந்து எந்த மாத்திரையோடு சேர்ந்தால் என்ன செய்யும் என்பது யாருக்கும் தெரியாத கட்டத்தில்தான் நீங்கள் நுழைகிறீர்கள். மறைத்துச் சாப்பிட்டு ஏதாவது ஆனால், காரணம் என்ன என்று கண்டுபிடிக்க டாக்டருக்கு வழியே இருக்காது. நஷ்டஈடு கேட்கும்போதும் அது உங்களுக்கு எதிராக நிற்கும். மாத்திரை இல்லாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது என்றால் அதை முதல் நாளே சொல்லுங்கள். "அப்படியானால் நீங்கள் இதற்குப் பொருந்த மாட்டீர்கள்" என்று அவர்கள் சொன்னால் அதுவும் நல்ல பதில்தான்.

சூரணத்தையும் சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்து என்றால் கணக்கில் வராது என்று நினைக்காதீர்கள். 2013இல் வெளிவந்த, நம் நாட்டிலேயே 440 பேரிடம் நடந்த ஆய்வில், ஆயுர்வேத மருந்துகள் முட்டி வலியில் செலகாக்சிப்புக்குச் சமமாக நின்றன. அதே ஆய்வில், அந்த மருந்து எடுத்தவர்கள் சிலருக்கு ஈரல் பரிசோதனை அளவுகள் கூடியதையும் பார்த்தார்கள். வேலை செய்யும் மருந்து என்றால் பக்க விளைவும் செய்யும்.

ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஒரு வேலை இருக்கிறது. தினமும் டைக்ளோஃபெனாக், கூடவே 9 வருடச் சர்க்கரை. சிறுநீரகம் கெடாமல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, இந்த வாரமே ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் இரண்டையும் பார்த்து, பிரஷரையும் அளந்துவிடுங்கள். முட்டி வலி உயிரை எடுக்காது. சிறுநீரகம் அப்படியில்லை.

ஒன்றரை லட்சம் 'ஆய்வு'

இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. பணம் வாங்கிக்கொண்டு செய்தால் அது ஆய்வே இல்லை. வழக்கமான வைத்தியச் செலவைத் தவிர, ஆய்வுக்கான செலவை அதில் சேர்ந்தவர் தலையில் கட்டக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் தெளிவாகவே சொல்கின்றன. கொடையாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து தயாரிக்கும் ஒரு செல் மருந்துக்கு 2022இல் இந்தியாவில் முட்டித் தேய்மானத்துக்கு அனுமதி கிடைத்தது உண்மை. அதைக் காட்டி, வயிற்றுக் கொழுப்பிலிருந்து கிளினிக்கிலேயே எடுத்துப் போடுவதையும் நியாயப்படுத்துவார்கள். அந்த அனுமதி இதற்குப் பொருந்தாது. பலன் எப்படி என்றால், கொழுப்பு, எலும்பு மஜ்ஜை, தொப்புள்கொடி மூன்றிலிருந்தும் எடுத்த செல்களைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்ட பெரிய அமெரிக்க ஆய்வு 2023இல் வந்தது. ஒரு வருடம் கழித்து வலியில் எதுவும் ஸ்டீராய்டை ஜெயிக்கவில்லை.

அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன?" இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பொதுப் பதிவேடு அது. 2007இல் தொடங்கியது, 2009 ஜூனிலிருந்து கட்டாயம். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மதுரை ஆய்வின் எண்ணையும் வாங்கி மகனிடம் கொடுங்கள். எத்தனை பேர், எந்தெந்த ஊர், எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

சேராவிட்டால் நஷ்டமா?

உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்த வரி ஒன்று: "டாக்டர் வெறும் எக்சர்சைஸ் சொல்லி அனுப்பிவிட்டார், மருந்து ஒன்றும் தரவில்லை." அம்மா, முட்டித் தேய்மானத்துக்கு இன்றுவரை திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தும் நிற்கிற வைத்தியம் அதுதான். 2020இல் வந்த ஒரு ஆய்வில், அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரைப் பிரித்துப் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசியும் மீதிப் பேருக்குப் பிசியோதெரபியும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பிசியோதெரபி எடுத்தவர்களுக்குத்தான் வலியும் குறைவு, நடமாட்டமும் மேல். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டியில் விழும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்தால் இரண்டில் ஒன்றை மட்டும் செய்வதைவிட நல்ல பலன் என்று 454 பேர் சேர்ந்த 2013 ஆய்வு காட்டியது. உங்கள் எடையில் 7 கிலோ குறைப்பதை முதல் இலக்காக வையுங்கள்.

எடையைக் குறைக்கும் செமக்ளூடைட் ஊசியும் முட்டி வலியை டம்மி ஊசியைவிட நன்றாகவே குறைத்தது என்று 2024இல் ஒரு ஆய்வு வந்தது. 407 பேர், எல்லோரும் பருமன் உள்ளவர்கள். உங்களுக்குச் சர்க்கரையும் இருப்பதால், இது பொருந்துமா என்று சர்க்கரை டாக்டரிடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பயிற்சி என்றால் நடை மட்டும் போதாது. தொடையின் முன்பக்கத் தசை வலுவாக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிச் சில நொடி நிறுத்துவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, இவற்றை முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து பழகுங்கள். ஆரம்பத்தில் வலி லேசாகக் கூடும், அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். தையல் மெஷினுக்கு ஒரு மோட்டார் போட்டுவிடுங்கள். வலது முட்டி மோசம் என்பதால், வெளியே போகும்போது கம்பை இடது கையில் பிடியுங்கள், நிறையப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். தரையில் சம்மணமிட்டு ஹெம்மிங் செய்வதை நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக்கை மாத்திரைக்குப் பதில் ஜெல்லாகத் தடவினால் பலருக்குப் போதும், சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு.

இவ்வளவும் செய்தும் இரவுத் தூக்கம் போகிறது, தெருமுனை வரை நடக்க முடியவில்லை என்ற நிலை வந்தால் மாற்று மூட்டு இருக்கிறது. டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்து 2015இல் வந்த ஆய்வில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்தது. பெரிய பக்க விளைவுகளும் அவர்களுக்கே அதிகம். ஆபரேஷன் இல்லாமல் முறையாகப் பயிற்சி எடுத்தவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு வருடம் வரை ஆபரேஷனுக்கே போகவில்லை. ஒரு விஷயம், முட்டிக்குள் ஸ்டீராய்டு போன்ற ஊசி போட்டால் அதன் பிறகு குறைந்தது 3 மாதம் கழித்துத்தான் மாற்று மூட்டு வைக்க டாக்டர்கள் விரும்புவார்கள், கிருமி பயம்தான் காரணம். ஆகவே இந்த ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் செய்யும் எண்ணம் இருந்தால் ஆய்வு வேண்டாம்.

என் கருத்து

ஒன்றரை லட்சம் கேட்கும் இடத்துக்குப் போக வேண்டாம். மதுரை ஆய்வைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முறையாக நடப்பதாகத்தான் தெரிகிறது. சேர்வதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். ஆனால் இன்றைக்கே சேர வேண்டாம். முதலில் ரத்தப் பரிசோதனைகள் வரட்டும், தினமும் மாத்திரை என்பதிலிருந்து இறங்குங்கள், பயிற்சியை ஒழுங்காக ஒரு 6 வாரம் செய்து பாருங்கள். அப்புறமும் மனம் இருந்தால் போய், கீழே உள்ளவற்றைக் கேளுங்கள்:

இந்த மருந்தை இதற்குமுன் எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள், என்ன கெடுதல் வந்தது? சர்க்கரை நோயாளிகள் அதில் இருந்தார்களா? வலி கூடினால் நான் எந்த மாத்திரை போடலாம், ஒரு நாளைக்கு எத்தனை? ராத்திரியில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது, யார் எடுப்பார்கள்? ஆய்வு முடிந்த பிறகு, எனக்குப் போட்டது மருந்தா தண்ணீரா என்று சொல்வீர்களா?

பஸ் செலவு தருவார்கள், சரி. கடையை மூடிவிட்டு ஒரு பகல் முழுக்கப் போய்வரும் வருமான இழப்பையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஏதாவது தருகிறார்களா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுத்தால் டாக்டர் கோபிப்பாரா என்று கேட்டிருந்தீர்கள். கோபிக்க அவருக்கு உரிமை இல்லை. அப்படிக் கோபித்து, அதை வழக்கமான வைத்தியத்தில் காட்டினால் நெறிமுறைக் குழுவுக்கு ஒரு போன் போதும். என் அனுபவத்தில் பெரும்பாலான ஆய்வு டாக்டர்கள், அரைமனதாகச் சேர்ந்து நாலாவது மாதம் காணாமல் போகிறவரைவிட, முதல் நாளே "வேண்டாம் டாக்டர்" என்று சொல்கிறவரைத்தான் விரும்புவார்கள்.

தங்கையைப் பற்றி. அவருடைய வயது, எடை, எக்ஸ்ரே நிலை எதையும் நீங்கள் எழுதவில்லை. ஒவ்வொரு ஆய்வுக்கும் யார் சேரலாம், யார் கூடாது என்று பட்டியல் இருக்கும், அதில் அவர் வருகிறாரா என்று மதுரையில்தான் சொல்ல முடியும். அவர் வருவதானால் தனியாகப் படிவம் வாங்கி, தனியாகப் படித்து, அவரே முடிவெடுக்கட்டும். அக்கா சேர்ந்துவிட்டார் என்பதற்காக அவர் கையெழுத்துப் போட வேண்டாம். அதற்குமுன், அவர் இதுவரை ஒரு எலும்பு டாக்டரிடமாவது முட்டியைக் காட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். காட்டவில்லை என்றால் அங்கிருந்து ஆரம்பியுங்கள்.